திருப்பித் தைத்த காலர்

ஜனவரி 8

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி எழுதுவது. உடம்புக்கு ஒன்றும் இல்லை. உன் திட்டை வாங்கிக்கொள்ளும் தெம்பும் இருக்கிறது. போன மாதம் உங்கள் ஊர் வரைக்கும் வந்தவன் வீட்டுப்படி ஏறாமல் திரும்பிவிட்டேன். பத்திரிகைக்காரர்கள் காலையில் இறக்கிவிட்டு மாலையில் அள்ளிக்கொண்டு போய்விட்டார்கள். அதற்குப் பரிகாரமாக இத்துடன் பத்திரிகையை அனுப்பியிருக்கிறேன். நடுப்பக்கத்தைப் பார்.

உங்கள் ஊர் வெளியூர்ப் பேருந்து நிலையத்தில் எடுத்த படம் அது. கடைசி பெஞ்சில் ஒருவர் எனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார். மடியில் பை. பேருந்துகள் வந்தன, போயின. மனிதர் எதிலும் ஏறவில்லை. வெயில் ஏறுவதற்கு முன்பே சாப்பாட்டு டப்பாவைத் திறந்தார், ஒரு வாய் தின்றார், மூடி வைத்துவிட்டார். தூண் ஓரமாக நின்று எடுத்தேன். காலரைக் கவனி. நைந்துபோன காலரைப் பிரித்து, உள்பக்கம் வெளியே வரும்படி திருப்பித் தைத்திருக்கிறார்கள், வேறு நிற நூலில். படத்தின் உயிரே அந்தத் தையலில்தான் இருக்கிறது என்றார் ஆசிரியர். ‘எந்தப் பேருந்துக்கும் இல்லாதவர்’ என்று தலைப்பு வைத்தது நான்.

எடுத்து முடிப்பதற்குள் காவலாளி ஒருவர் கம்போடு வந்துவிட்டார். “யாரைக் கேட்டுப் படம் புடிக்கிற? கேமராவைக் குடு!” என்றார். “இது பொது இடம் அண்ணே. யாரையும் கேக்க வேண்டியதில்ல. கேமராவைப் புடுங்கத்தான் உங்களுக்கு உரிமை இல்ல” என்று நானும் தொண்டை கிழியக் கத்தி, எங்கள் சங்கம் அச்சடித்த உரிமை அட்டையை நீட்டினேன். அட்டையைத் தலைகீழாகப் பிடித்துப் படித்துவிட்டு, “சரி, என்னையும் ஒண்ணு எடு” என்றார்.

அத்தானைக் கேட்டதாகச் சொல். அச்சகத்தில் நாள் முழுக்க மெய்ப்புத் திருத்துகிறவர், வீட்டுக்கு வந்து என் கடிதத்தையும் சிவப்பு மையில் திருத்தினால்தான் தூங்குவார். வாலு கல்லூரிக்கு ஒழுங்காகப் போகிறாளா?

என்றும் உன்,
தம்பி

ஜனவரி 30

அன்புத் தம்பிக்கு,

உன் கடிதமும் புத்தகமும் வந்து நாளாகிவிட்டன. பள்ளிக்கூடத்தில் தையல் பரீட்சை, அதுதான் தாமதம். நீ வேளாவேளைக்குச் சாப்பிடு. கேமராவைக் கழுத்தில் மாட்டினால் உனக்கு வயிறு என்று ஒன்று இருப்பதே மறந்துவிடும். வாலுவுக்குச் சளி பிடித்து விட்டுவிட்டது. உன் அத்தான் நலம்.

படம் நன்றாக இருக்கிறது. ஆனால் புத்தகத்தில் கறுப்பு வெள்ளையில் போட்டிருக்கிறார்கள். அந்தக் காலர் நூல் என்ன நிறம்?

பக்கத்து வீட்டுக்காரி ஒரு விஷயம் கேட்கச் சொன்னாள். அவள் வீட்டுக்காரரைத் தெருவில் யாரோ படம் எடுத்துவிட்டார்களாம். கேட்காமல் எடுக்கலாமா? எடுத்ததை ஊரெல்லாம் காட்டலாமா? வேண்டாம் என்று சொல்ல வழி உண்டா? உனக்குத்தான் சட்டம் தண்ணீர்பட்ட பாடாயிற்றே, விவரமாக எழுது.

பதிலைப் பள்ளிக்கூட முகவரிக்கு அனுப்பு. வீட்டுக்கு வந்தால் உன் அத்தான் பிழை திருத்த உட்கார்ந்துவிடுவார். இந்தத் தடவை உன் கடிதத்தை அவரிடம் காட்டவில்லை.

அன்புடன்,
அக்கா

பிப்ரவரி 5

அன்புள்ள அக்காவுக்கு,

சாப்பிட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன், சத்தியம். வாலுவை வெந்நீர் குடிக்கச் சொல்.

நூல் நிறம் ஊதா. தையல் டீச்சர் என்றால் கண் நேராக நூலுக்குத்தான் போகும் போல!

பக்கத்து வீட்டுக்காரியிடம் சொல்: தெரு, பூங்கா, பேருந்து நிலையம் போல எல்லார் கண்ணுக்கும் திறந்து கிடக்கிற இடத்தில் யாரையும் எடுக்கலாம். வீட்டு ஜன்னல் வழியாக உள்ளே எடுத்தால்தான் தப்பு. எடுத்ததை அழிக்கச் சொல்ல எவருக்கும் உரிமை கிடையாது. பத்திரிகையில் போடலாம், கண்காட்சியில் வைக்கலாம். விளம்பரத்தில் போடுவதாக இருந்தால்தான் படத்தில் இருப்பவரின் கையெழுத்து வேண்டும். அதுவும் ஆளை அடையாளம் தெரிந்தால் மட்டும். எங்கள் தொழிலில் ஒரு பேச்சு உண்டு: முகம் இல்லையென்றால் ஆள் இல்லை. அவள் வீட்டுக்காரர் முகம் தெரிகிறதா என்று கேள்.

அதை விடு, பெரிய சேதி இருக்கிறது. அந்தப் பெஞ்சு மனிதர் படத்தை ஒரு சேமிப்புக் கம்பெனி வாங்கிக்கொண்டது. பல ஊர்களில் விளம்பரப் பலகையாக வைக்கப் போகிறார்கள், முழுக் கலரில். கம்பெனியின் நிறமே ஊதாதானாம். அந்த நூலைப் பார்த்ததும் விழுந்துவிட்டார்கள். பலகையில் அந்தத் தையல் மட்டும் ஒரு முழத்துக்குத் தெரியும். கீழே என் பெயர்.

அத்தானிடம் சொல். சந்தோஷப்படுவார்.

தம்பி

பிப்ரவரி 27

அன்புத் தம்பிக்கு,

நல்லபடியாக இருக்கிறாயா? நாங்கள் இருக்கிறோம். வாலு பரீட்சைக்குப் படிக்கிறாள். உன் அத்தான் காலையில் கிளம்பிப் போகிறார், மாலையில் வருகிறார். விரல் வீங்குகிறது என்று மோதிரத்தைக் கழற்றி எங்கோ வைத்திருக்கிறாராம். எனக்கு வீக்கம் ஒன்றும் தெரியவில்லை.

உன் பேர் பலகையில் வருவது பெருமைதான். எந்தெந்த ஊரில் வைக்கப் போகிறார்கள்? எங்கள் ஊரும் உண்டா? கம்பெனியிடம் படத்தைத் தரமாட்டேன் என்று இப்போது சொல்லலாமா? எடுத்தவன் நீதானே. எடுத்தவனுக்கு வேண்டாம் என்று சொல்லும் உரிமை இல்லாமலா போகும்?

சும்மாதான் கேட்கிறேன். பக்கத்து வீட்டுக்காரி துளைத்து எடுக்கிறாள்.

அக்கா

மார்ச் 4

அக்கா,

நலம் விசாரிக்கும் வரியை இந்தத் தடவை உனக்கே எழுதுகிறேன்: நீ நன்றாக இருக்கிறாயா?

ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டாயிற்று. இனி படம் அவர்களுடையது. உங்கள் ஊரும் உண்டு; வாலுவின் கல்லூரிக்கு எதிரே இருக்கும் சிக்னலில் வைக்கிறார்களாம். “எங்க மாமா எடுத்தது” என்று அவள் சிநேகிதிகளிடம் பீற்றிக்கொள்ளலாம்.

ஆனால் எனக்கு ஏதோ உறுத்துகிறது. நீ ஒரு கடிதத்தில் இத்தனை கேள்வி கேட்கிற ஆள் இல்லை. பக்கத்து வீட்டுக்காரி யார்? அவள் வீட்டுக்காரருக்கும் என் படத்துக்கும் என்ன சம்பந்தம்? மறைக்காமல் சொல்.

தம்பி

மார்ச் 10

தம்பி,

பக்கத்து வீடு பூட்டிக் கிடக்கிறது. போன மழைக்காலத்திலிருந்து அங்கே குடியில்லை.

அந்த ஊதா நூல் நான் போட்டது. வீட்டில் வெள்ளை நூல் தீர்ந்துபோயிருந்தது. பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளின் சீருடைப் பாவாடைக்குத் தைத்த நூல் பையில் மிச்சம் இருந்தது. “காலருக்குப் பின்னாடி யாரு பாக்கப் போறாங்க?” என்று நான்தான் சொன்னேன். “பிழை பிழைதான். ஆனா வாசகர் கண்ணுல படாது” என்று சிரித்துக்கொண்டே மாட்டிக்கொண்டு போனார் உன் அத்தான்.

முகம் இல்லையென்றால் ஆள் இல்லை என்று எழுதியிருந்தாய். உன் தொழிலில் அப்படி இருக்கலாம். நான் கட்டிக்கொண்டு வந்த நாளிலிருந்து தினமும் வாசலில் நின்று பார்ப்பது அந்த முதுகைத்தான். தெருமுனை திரும்பும் வரை பார்ப்பேன். இடது தோள் கொஞ்சம் இறங்கியிருக்கும், பையை அந்தப் பக்கம் மாட்டி மாட்டி. புத்தகத்தைப் பிரித்ததும், தலைப்பைப் படிப்பதற்கு முன்பே தெரிந்துவிட்டது. நீ இரண்டு வருஷமாக வீட்டுப் பக்கம் வரவில்லை. அவர் இளைத்துவிட்டார், தலையும் நரைத்துவிட்டது. உன்னைக் குறை சொல்லவில்லை.

ஒருவேளை அன்றைக்கு மட்டும் எங்கோ வெளியூர் போயிருப்பார் என்று மனசைத் தேற்றிக்கொண்டேன். பிறகு அரைநாள் லீவு போட்டுவிட்டு அச்சகத்துக்குப் போனேன். உள்ளே போகவில்லை, வாசலில் இருந்த காவல்காரரிடம் கேட்டேன். “சாரா? அவரை நிறுத்தி மாசக்கணக்காவுதேம்மா” என்றார். அங்கிருந்து பேருந்து நிலையத்துக்குப் போய், நீ நின்ற தூணாகத்தான் இருக்கும், அதன் பின்னால் நின்றேன். அதே பெஞ்சு. நான் கட்டிக்கொடுத்த டப்பா மடியில் இருந்தது.

மாசம் பிறந்தால் சம்பளம் என்று என் கையில் கொடுக்கிறார். மோதிரம் எங்கே போனது என்று இப்போது புரிகிறதா?

வாலு அந்தச் சிக்னலில்தான் தினமும் பஸ் ஏறுகிறாள். உன் காலைப் பிடித்துக் கேட்கிறேன், அந்தப் படத்தை எடுத்துவிடு.

அக்கா

ஏப்ரல் 6

அக்கா,

எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாமல் இத்தனை நாள் ஓடிவிட்டது. அந்தத் தலைப்பை வைத்த கையை வெட்டிக்கொள்ளலாம் போலிருக்கிறது. அத்தானுக்கு நான் வைத்த பேரா அது!

கம்பெனிக்குப் போனேன். ஒரு பெண் அதிகாரி மரியாதையாகத்தான் பேசினார். “நீங்கதானே எடுத்தீங்க? பொது இடம், முகம் தெரியலன்னு நீங்கதானே எழுதிக் கொடுத்தீங்க?” என்று என் கையெழுத்தையே எடுத்துக் காட்டினார். யானை தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொண்ட கதை. எங்கள் சங்கத்து வக்கீலிடம் ஓடினேன். ஊரில் உள்ள காவலாளிகளிடமிருந்து என் கேமராவைக் காப்பாற்றுகிறவர் அவர். தலையைச் சொறிந்துகொண்டு ஒரே ஒரு வழி சொன்னார்.

படத்தில் இருப்பவரே முன்வந்து, ‘அது நான்தான், எனக்குச் சம்மதமில்லை’ என்று எழுதி, பெயரும் முகவரியும் போட்டுக் கையெழுத்திட்டால் நிறுத்தலாம். வேறு யார் எழுதினாலும் செல்லாது. “சம்சாரம் எழுதினா?” என்று கேட்டேன். “அடுத்தவங்க முதுகுக்கு அவங்க எப்படிங்க கையெழுத்துப் போட முடியும்?” என்றார்.

அத்தானிடம் கேட்க முடியுமா, அக்கா? நான் வந்து கேட்கட்டுமா?

தம்பி

ஏப்ரல் 12

தம்பி,

உன் உடம்பைப் பார்த்துக்கொள். கையை வெட்டிக்கொள்கிறேன் என்றெல்லாம் எழுதாதே. படம் எடுப்பது உன் பிழைப்பு.

நீ வராதே. அவரிடம் எதுவும் கேட்காதே. எனக்கு வாக்குக் கொடு.

‘அது நான்தான்’ என்று எழுதச் சொல்கிறது உன் சட்டம். அந்த ஒரு வார்த்தையைச் சொல்லாமல் இருக்கத்தான் மனுஷர் வெயிலில் போய் உட்கார்ந்திருக்கிறார். காலையில் செருப்பை மாட்டிக்கொண்டு, “இன்னைக்கு வேலை கொஞ்சம் ஜாஸ்தி, வர நேரமாகும்” என்கிறார் பார், அப்போதுதான் அவர் நிமிர்ந்து நிற்கிறார். எனக்குத் தெரியும் என்று தெரிந்துவிட்டால் அந்த நிமிர்வும் போய்விடும். அப்புறம் அவர் எங்கே போவார்? அந்தப் பெஞ்சுக்குக் கூடப் போக முடியாது.

வெள்ளை நூல்கண்டு ஒன்று வாங்கி வைத்திருக்கிறேன். காலரைப் பிரித்து வெள்ளையில் தைத்துவிட்டால் பலகையையும் அவரையும் யாரும் சேர்த்துப் பார்க்க மாட்டார்கள். ஆனால் தைத்தால் அவருக்குத் தெரிந்துவிடும். தைக்காவிட்டால் ஊருக்குத் தெரிந்துவிடும். சட்டையை ஒளித்தாலும் கேட்பார். இருக்கிற சட்டைகளில் நல்லது அதுதான். நூல்கண்டை எடுக்கிறேன், திரும்ப டப்பாவுக்குள் போடுகிறேன். பிள்ளைகளுக்குத் தையல் சொல்லிக் கொடுக்கிறவளுக்கு ஒரு காலரைத் தைக்கக் கை வரவில்லை.

அக்கா

மே 9

அக்கா,

வெயிலில் ஜாக்கிரதையாக இரு.

திங்கட்கிழமை பலகை ஏறுகிறது. நூலின் நிறத்தையாவது மாற்றச் சொல்லிக் கெஞ்சிப் பார்த்தேன். “அதுதான் சார் படமே” என்றார்கள். என் பெயரை எடுக்கச் சொன்னேன். அதை மட்டும் உடனே ஒப்புக்கொண்டார்கள், பிறகு அச்சில் அதையும் மறந்துவிட்டார்கள்.

என் உரிமை எல்லாவற்றையும் அட்டையில் அச்சடித்து வைத்திருக்கிறேன். இந்தப் படத்தை எடுக்க எனக்கு உரிமை இருந்தது. இறக்க இல்லை.

வாக்குக் கொடுத்தபடி அத்தானுக்கு எழுதவில்லை.

தம்பி

மே 21

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

உன் அத்தான் எழுதுவது. நீ நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன். உன் அக்காவும் வாலுவும் சுகம். உனக்கு நான் தனியாகக் கடிதம் எழுதுவது இதுதான் முதல் தடவை. பதில் எழுத வேண்டாம். வீட்டு முகவரி இதற்குச் சரிப்படாது. அச்சக முகவரியும் வேண்டாம். வேறு முகவரி இல்லை.

சிக்னலில் உன் பலகையைப் பார்த்தேன். நல்ல படம். ஆனால் கீழே ‘எதிர்காலத்தை திட்டமிடுங்கள்’ என்று போட்டிருக்கிறார்கள். ‘எதிர்காலத்தைத்’ என்று வர வேண்டும். ஆள் உயர எழுத்தில் ஓர் ஒற்றுப்பிழை. சொல்ல வேண்டியவர்களிடம் சொல்.

அந்தப் பெஞ்சில் இருப்பவர் எனக்குத் தெரிந்தவர். அன்றைக்கு அவருக்கு உன் குரல் கேட்டதாம். “இது பொது இடம் அண்ணே” என்று யாரிடமோ நீ சண்டை போட்டாயாம். அவர் திரும்பவில்லை. திரும்பினால் நீ பார்த்துவிடுவாய் என்று, மூடிய டப்பாவையே பார்த்துக்கொண்டு இருந்தாராம். இப்போது கம்பெனியின் கிளையில் போய் விசாரித்தால், முகம் தெரிந்திருந்தால் அனுமதி வாங்கியிருப்போம், முகம் இல்லையே என்கிறார்கள். முகத்தை மறைத்ததால்தான் மாட்டிக்கொண்டார் பாவம். ‘அது நான்தான்’ என்று எழுதிக் கொடுக்கலாமாம். பதில் வீட்டு முகவரிக்கு வருமாம். தெரிந்தவர் பேனாவை மூடி வைத்துவிட்டு வந்துவிட்டார்.

நேற்றுச் சாப்பிடும்போது வாலு சொன்னாள்: “மாமா படம் சூப்பர்ப்பா. யாருப்பா அந்தத் தாத்தா, பாவம்? காலர்ல ஊதா நூல் போட்டுத் தைச்சிருக்காங்க, அம்மா ஸ்கூல் பாவாடை கலர்ல.” உன் அக்கா தண்ணீர் எடுத்துவர உள்ளே போனாள். திரும்பி வர நேரமாயிற்று.

உன்னிடம் கேட்பது ஒன்றுதான். படம் முதலில் ஒரு பத்திரிகையில் வந்ததாகக் கிளையில் சொன்னார்கள். அதை உன் அக்காவுக்கு அனுப்பிவிடாதே. அவளுக்குத் தெரிந்தால் தாங்க மாட்டாள்.

இப்படிக்கு,
அத்தான்

பின்குறிப்பு, மே 22: நேற்று எழுதியதைத் தபாலில் போடாமல் பையிலேயே வைத்திருந்தேன். இன்று காலையில் சட்டையை மாட்டும்போது காலர் விறைப்பாக இருந்தது. தடவிப் பார்த்தேன். பிரித்து மறுபடி தைத்திருக்கிறது, வெள்ளை நூலில். சின்னச் சின்னத் தையல், ஒன்றுகூட விலகவில்லை.

அதையே மாட்டிக்கொண்டு வாசலுக்கு வந்தேன். உன் அக்கா டப்பாவை நீட்டினாள். “இன்னைக்கு வேலை ஜாஸ்தியா?” என்று கேட்டாள். “கொஞ்சம்” என்றேன். தெருமுனை வரை அவள் வாசலில் நிற்பாள் என்று தெரியும். திரும்பிப் பார்க்க முடியவில்லை.

பலகையை இறக்குவதற்காக இதை எழுதவில்லை. மழைக்காலம் வந்தால் அதுவே கிழிந்துவிடும். மேலே உள்ள கடிதத்தில் இரண்டு திருத்தங்கள், அவ்வளவுதான். ‘அவளுக்குத் தெரிந்தால் தாங்க மாட்டாள்’ என்ற வரியை நீக்கிவிடவும். ‘தெரிந்தவர்’ என்று வரும் இடங்களில் எல்லாம் ‘நான்’ என்று வாசிக்கவும்.